ஊருணிக்கும் சந்தைக்கும் ஒரே டெண்டரா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். செட்டிநாட்டில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர் நீங்கள். மூன்று வேலைகள் மன்றத்தின் முன்னால் இருக்கின்றன. ஊருணியைத் தூர்வாரி, சரிந்துபோன செம்புறாங்கல் படித்துறையைத் திரும்பக் கட்ட வேண்டும். ஊருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்து நூலகமாக்க வேண்டும். வாரச்சந்தையில் புதிதாக 20 கடைகள் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து மதிப்பீடு 1 கோடியே 70 லட்சம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து சதவீத டெண்டர் விடலாம் என்கிறது அலுவலகம். வரைபடம் போடுவதிலிருந்து சாவி கொடுப்பது வரை ஒரே ஆளிடம் விட்டுவிடலாம் என்கிறார் இன்னொரு உறுப்பினர். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர் நகரத்தார் ஒருவர், ஊருணிக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன், ஆனால் என் மேஸ்திரிதான் செய்ய வேண்டும் என்கிறார். இதில் எது சிக்கனம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வேலை காலத்துக்கும் நிலைத்து நிற்க வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். தோண்டும்போது எதிர்பாராதது வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும், தரத்தை யார் நின்று பார்ப்பார்கள் என்பதுதான் அது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ளாட்சிப் பொறியாளராக எஸ்டிமேட் போடுவதும் எம்-புக் (செய்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) எழுதுவதுமாகவே என் பணிக்காலம் போனது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். எந்த முறையும் தானாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. டெண்டர் விடும் நாளில் அந்த வேலையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை வைத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் மூன்று வேலைகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. சந்தைக் கடையில் எல்லாம் தெரியும். ஊருணியில் பாதி தெரியும். பழைய வீட்டில் பூச்சை உரித்த பிறகுதான் எதுவும் தெரியும். அதனால் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

முதலில் சட்டத்தில் உறுதியானவை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல் வந்தன. உள்ளாட்சிகளும் அதற்குள் அடக்கம். டெண்டர் இல்லாமல் வேலை கொடுப்பதற்கு இயற்கைச் சீற்றம் போன்ற சில விலக்குகளைச் சட்டமே சொல்கிறது. "நல்ல மேஸ்திரி, நமக்குத் தெரிந்தவர்" என்பது அதில் இல்லை. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் டெண்டர் போட அவகாசம் கொடுக்க வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து குறைக்க வேண்டும். விலை குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டும்தான் பேசலாம். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, அந்த விலைக்கு நீ செய்கிறாயா என்று கேட்க முடியாது. தகுதிக்கு என்ன கேட்கிறோமோ அது டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும், கவர் பிரித்த பிறகு புதிதாகச் சேர்க்க முடியாது. உறுப்பினர் என்ற முறையில் உங்களுக்கு இன்னொன்று: ஒப்பந்தத்தில் உங்களுக்கு நேராகவோ மறைமுகமாகவோ பங்கு இருந்தால் பதவிக்கே ஆபத்து. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் மச்சான், பங்காளி யாராவது டெண்டர் போடும் யோசனையில் இருந்தால் இப்போதே மன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த விவாதத்திலிருந்து விலகியிருங்கள்.

சரி, முறைகளுக்கு வருவோம். சதவீத முறை என்றால் அலுவலகம் போட்ட எஸ்டிமேட்டில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் விலை ஏற்கெனவே இருக்கும். ஒப்பந்ததாரர் மொத்தத்துக்கும் சேர்த்து, இத்தனை சதவீதம் லெஸ் (குறைவு), அல்லது இத்தனை சதவீதம் கூடுதல் என்று ஒரே எண்ணைச் சொல்வார். ஒப்பிடுவது சுலபம், கணக்கில் ஏமாற்ற இடம் குறைவு, சின்ன ஒப்பந்ததாரர்களுக்கும் புரியும். அதனால்தான் அலுவலகங்களுக்கு இது பிடிக்கும். இதில் உள்ள பலவீனம், எஸ்டிமேட்டில் இருக்கும் தவறு அப்படியே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும் என்பது. அரசின் விலைப்பட்டியலில் இல்லாத ஐட்டத்துக்கு யாரோ அவசரமாக ஒரு தொகை போட்டிருந்தால் 8 சதவீதம் லெஸ் போட்டவர் அந்த வேலைக்கும் 8 சதவீதம் லெஸ்ஸில் மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டவர் அந்த வேலையை எப்படிச் செய்வார் என்று உங்களுக்கே தெரியும்.

ஐட்டம் ரேட் முறையில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் அவரே விலை போடுவார். இது நியாயமாகத் தோன்றும், ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். எஸ்டிமேட்டில் 2,000 கனமீட்டர் மண்வெட்டும் 400 சதுரமீட்டர் கல் பதிப்பும் இருக்கின்றன. முதல் ஆள் மண்ணுக்கு 150 ரூபாய், கல்லுக்கு 1,500 ரூபாய் போடுகிறார். மொத்தம் 9 லட்சம். இரண்டாவது ஆள் இடத்தை நன்றாகப் பார்த்தவர், மண் கூடுதலாக வரும் என்று அவருக்குத் தெரியும். மண்ணுக்கு 220, கல்லுக்கு 1,100 போடுகிறார். மொத்தம் 8 லட்சத்து 80 ஆயிரம். டெண்டர் அவருக்குத்தான் போகும். வேலையில் மண் 3,000 கனமீட்டர் வந்துவிடுகிறது. முதல் ஆளாக இருந்தால் பில் 10 லட்சத்து 50 ஆயிரம் ஆகியிருக்கும். இப்போது 11 லட்சம். பணம் போனது மட்டும் இல்லை. லாபம் எல்லாம் மண்ணிலேயே எடுத்தாகிவிட்டது, கல் பதிப்பது அவருக்கு நஷ்டம். மண் பில்லை வாங்கிக்கொண்டு கல் வேலைக்கு ஆள் அனுப்பாமல் இழுத்தடிப்பார். பாதியில் நின்ற படித்துறைகளில் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தடுக்க வழி உண்டு. அளவைச் சரியாக எடுப்பது முதல் வழி. ஒரு ஐட்டம் எஸ்டிமேட் அளவைத் தாண்டிக் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் போனால், கூடுதல் அளவுக்கு எஸ்டிமேட் விலைதான் என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதுவது இரண்டாவது. டெண்டரை ஏற்கும் முன் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு ஐட்ட விலையையும் எஸ்டிமேட்டோடு வைத்துப் பார்ப்பது மூன்றாவது.

லம்ப்சம் என்பது மொத்தமாக ஒரு தொகை. வரைபடம் முழுமையாக, ஆணி அடிப்பது வரை தெளிவாக இருந்தால் இதைப் போல நிம்மதி இல்லை. அளவெடுக்கும் தகராறே கிடையாது. வரைபடம் அரைகுறையாக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சண்டை. சாவி கொடுப்பது வரை ஒருவரே என்னும் முறையில் வடிவமைப்பும் அவருடையது. பெரிய குடிநீர்த் திட்டம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் போன்றவற்றில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. இயந்திரமும் கட்டடமும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும், பொறுப்பு ஒரே இடத்தில் இருப்பது நல்லது. 20 சந்தைக் கடைக்கு அது வேண்டியதில்லை. அந்த முறையில் நாம் கேட்பது என்ன என்பதை விளைவாக எழுதத் தெரிய வேண்டும், அவர் கொண்டுவரும் வடிவமைப்பைச் சரிபார்க்க ஆள் வேண்டும். ஒரு பேரூராட்சியில் அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே எதை மெலிதாக்கினால் மிச்சம் என்று ஒப்பந்ததாரர்தான் தீர்மானிப்பார். அந்த உறுப்பினரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், அவர் எண்ணம் தவறில்லை.

இனி உங்கள் மூன்று வேலைகள். சந்தைக் கடைகள் எளிது. ஒரே மாதிரிக் கடை, புதுக் கட்டடம். முழு வரைபடம் போட்டு, மண் பரிசோதனை செய்து, சதவீத முறையில் விடுங்கள். வரைபடம் உண்மையிலேயே முடிந்திருந்தால் லம்ப்சமும் சரிதான். எஸ்டிமேட் எப்போது போட்டது என்று மட்டும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உள்ளாட்சிக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையிலேயே 12-லிருந்து 18 ஆகிவிட்டது. இந்த இரண்டையும் சரியாகப் பிடிக்காத எஸ்டிமேட்டை வைத்து டெண்டர் விட்டால் வரும் லெஸ்ஸோ கூடுதலோ எதையும் சொல்லாது.

ஊருணிதான் எனக்கு மிகவும் கவலை தருவது, காரணம் அங்கே கெடுத்தால் திருத்த முடியாது. நம் பக்கம் ஊருணியில் தண்ணீர் நிற்பது அடியில் இருக்கும் களிமண் படுகையால். எவ்வளவு மண் எடுத்தாரோ அவ்வளவு பணம் என்று ஒப்பந்தம் இருந்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று அதில் இல்லாவிட்டால், இயந்திரம் அந்தப் படுகையையும் சேர்த்து அள்ளிவிடும். ஆழம் கூடும், தண்ணீர் நிற்காது. ஆகவே டெண்டருக்கு முன்பே நாலைந்து இடத்தில் சோதனைக் குழி வெட்டி வண்டல் எதுவரை, களி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே சிவில் துறையை அணுகிப் பார்க்கலாம். இந்த மட்டத்துக்குக் கீழே வெட்டினால் பணம் கிடையாது, களியைத் திரும்ப நிரப்பிக் கெட்டிப்படுத்துவது ஒப்பந்ததாரர் செலவு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் லெவல் (தரை மட்டத்தின் அளவு) எடுத்து, பொறியாளரும் ஒப்பந்ததாரரும் கையெழுத்துப் போட்டு, அதை ஊருணிக் கரையிலேயே ஊருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். ஒரு மழை பெய்துவிட்டால் ஆரம்ப லெவல் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. அள்ளும் வண்டல் எங்கே போகும், யாருக்குப் போகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அதற்கான அனுமதி முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறந்துவிடாதீர்கள். கால் அடைந்திருந்தால் தூர்வாரிய ஊருணி வெறும் பள்ளம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதனால் தை மாதத்துக்குள் டெண்டர் முடிந்து மாசியில் வேலை தொடங்கினால்தான் மழைக்கு முன் படித்துறை நிற்கும். ஆவணியில் வேலை உத்தரவு கொடுத்தால் அது அடுத்த வருஷத்து வேலை.

நகரத்தார் சொன்ன யோசனையை அலுவலகம் உடனே தள்ளியிருக்கும் என்று நினைக்கிறேன். தள்ள வேண்டாம். 'நமக்கு நாமே' திட்டம் இதற்காகவே இருக்கிறது. பொதுமக்கள் பங்களிப்பு ஒரு பங்கு, மீதி அரசு. இந்த வகைத் திட்டங்களில், பங்களிப்பு பாதியோ அதற்கு மேலோ இருந்தால் கொடுத்தவரே வேலையை எடுத்துச் செய்யலாம் என்று வழிகாட்டுதலில் இடம் தரப்பட்டிருக்கிறது. உங்கள் பேரூராட்சிக்கு இந்த ஆண்டு வந்திருக்கும் உத்தரவில் அந்த வாசகம் எப்படி இருக்கிறது என்பதைச் செயல் அலுவலரோடு உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் அவருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாசகம் இருந்தால் இந்த ஊருணிக்கு அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. தன் முன்னோர் வெட்டிய ஊருணிக்குப் பணம் கொடுப்பவர் படித்துறையில் மட்டமான கல்லை வைக்க விடமாட்டார். ஆனால் எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, எம்-புக், தணிக்கை எல்லாம் அப்போதும் உண்டு; அவருடைய மேஸ்திரியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரே பணத்தை மேஸ்திரியிடம் கொடுத்து வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு அரசுப் பங்கைக் கேட்டால் கிடைக்காது.

பழைய வீடு. இதில்தான் அலுவலகத்தின் சதவீத டெண்டருக்கு நான் உறுதியாக வேண்டாம் என்பேன். சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் சாதாரண எஸ்டிமேட் போடும் கைக்கு அந்நியமானவை. ஐட்டம் ரேட்டில், இரண்டு கவர் முறையில் விடுங்கள்: முதல் கவரில் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில், சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தைப் பழுதுபார்த்த அனுபவத்தைக் கேளுங்கள், ஆனால் ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்தும்படி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் முதல் புகாரிலேயே டெண்டர் நின்றுவிடும். ஒப்பந்தத்தில், ஒரு சுவரில் ஒரு சதுரமீட்டர் மாதிரிப் பூச்சுப் பூசிக் காட்டி, பொறியாளர் ஒப்புக்கொண்ட பிறகே மீதிச் சுவரைத் தொடலாம் என்று எழுதுங்கள். விலைப்பட்டியலில் இல்லாத ஐட்டங்களுக்குப் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு, எத்தனை நாள் என்று தனித்தனியாகப் பிரித்து விலை கணக்கிட்டு, உரிய அதிகாரியின் அனுமதி வாங்கிய பிறகே டெண்டரில் சேர்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் கையால் வார்ப்பது, கண்ணாடி மேல் நிறமும் மணலும் சிமெண்டும் ஊற்றித் தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. கடையில் போய் அன்றைக்கே வாங்கி வர முடியாது, அதற்கான நாளைக் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும். இவற்றையெல்லாம் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்றால், சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார்கள். சுவரில் ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில வருஷத்தில் பூச்சு உரிந்து செங்கல்லும் அரிக்கும். நூறு வருஷம் நின்ற சுவரை நாமே கெடுத்ததாகிவிடும். எஸ்டிமேட்டுக்கு முன்பே ஒவ்வொரு அறையிலும் ஓரிடத்தில் பூச்சை உரித்துப் பார்ப்பது, ஓட்டுக்குக் கீழே தேக்கு உத்திரத்தில் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது, இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். அதற்கு மன்றம் தயங்கக் கூடாது.

தரத்துக்கு மதிப்பெண் கொடுத்து விலையோடு கூட்டிப் பார்க்கும் முறையை வைக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், சில வகைக் கட்டுமானங்களுக்கு அப்படிச் செய்ய இடம் கொடுத்தது, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம் என்ற வரம்போடு. அது மத்திய அரசின் கொள்முதலுக்கு. நம் பேரூராட்சி மாநிலச் சட்டத்துக்குள் இருப்பது, அதைக் காட்டி இங்கே செய்துவிட முடியாது. நமக்கு இருக்கும் கருவி தகுதிக் கவரும் ஒப்பந்த நிபந்தனையும்தான், அவற்றை நன்றாக எழுதினால் போதும்.

ரொம்பக் குறைத்துப் போட்டு எடுப்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எஸ்டிமேட்டைவிட வெகுவாகக் குறைத்துக் கேட்பவரிடம் கூடுதல் பிணைத்தொகை வாங்கும் நடைமுறை உண்டு, அது டெண்டர் நிபந்தனையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, அந்த விலையில் எப்படிச் செய்வீர்கள் என்று விலைப் பகுப்பாய்வை எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் வேலையிலும் திணறுவார்.

பிரித்து விடுவதில் ஒரு எச்சரிக்கை. வேலையின் தன்மை வேறு என்பதால் மூன்றாகப் பிரிப்பதற்கு நியாயம் இருக்கிறது, அந்தக் காரணத்தை மன்றத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். சந்தைக் கடையை மட்டும் ஐந்து ஐந்து கடையாக நான்கு டெண்டராக்கினால், அனுமதி அதிகார வரம்பைத் தாண்டாமல் இருக்கப் பிரித்ததாக உள்ளாட்சி நிதித் தணிக்கையில் எழுதுவார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் எஸ்டிமேட்டையோ ஊருணியின் லெவலையோ நான் பார்க்கவில்லை. படித்துறை சரிந்தது அடித்தளம் இறங்கியதாலா, பின்னால் இருக்கும் மண்ணின் அழுத்தத்தாலா என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும். பின்மண் தள்ளியிருந்தால் வெறும் கல்லை எடுத்து அடுக்குவது பயன்படாது, வடிகால் வேண்டும், எஸ்டிமேட்டே மாறும். அதனால் அடுத்த மன்றக் கூட்டத்தில் டெண்டர் தீர்மானத்துக்கு முன்பாக, சோதனைக் குழிக்கும் லெவல் எடுப்பதற்கும் வீட்டில் பூச்சு உரித்துப் பார்ப்பதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்த அறிக்கை வந்ததும், ஐட்டம் பட்டியலில் உள்ள அளவுகளோடு இங்கே எழுதுங்கள். எந்த ஐட்டத்துக்கு எந்த நிபந்தனை வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.